டயர் அளவை மாற்றினால் ஸ்பீடோமீட்டரும் சட்டமும் என்ன சொல்லும்?

காரின் ஸ்பீடோமீட்டர் சக்கரம் சுற்றுவதை எண்ணித்தான் வேகத்தைக் காட்டுகிறது. ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்ற கணக்கு, கம்பெனி போட்ட டயரை வைத்து முன்பே பதியப்பட்டிருக்கும். பெரிய டயர் மாட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் வண்டி கூடுதல் தூரம் ஓடும், மீட்டரோ பழைய கணக்கிலேயே இருக்கும்.

ஸ்விஃப்ட் காரை எடுத்துக்கொள்வோம். அதன் மேல் வேரியன்ட்டுகளில் 185/65 ஆர்15 டயர் வந்தது. அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம். மேலும் கீழும் பக்கச்சுவரைச் சேர்த்தால் மொத்த விட்டம் சுமார் 621 மி.மீ. கீழ் வேரியன்ட்டுகளுக்கு வந்த 165/80 ஆர்14 டயரின் விட்டம் சுமார் 620. ரிம் வேறாக இருந்தும் மீட்டரில் வித்தியாசம் தெரியாது. அதே 15 அங்குல ரிம்மில் 205/65 போட்டால் விட்டம் 647 மி.மீ. ஆகிவிடும், 4 சதவீதத்துக்கு மேல் அதிகம். பழைய டயரோடு மீட்டர் சரியாக 100 காட்டிய வண்டி, இப்போது 100 காட்டும்போது 104-ல் ஓடும். ஓடோமீட்டரும் குறைவாகத்தான் எண்ணும், அதனால் மைலேஜ் கணக்கும் சர்வீஸ் கணக்கும் பிசகும்.

2019 ஜூலை 1 முதல் தயாரான கார்களில் 80-ஐத் தாண்டினால் பீப் ஒலி கட்டாயம். அந்த ஒலியும் தாமதமாகத்தான் வரும். அதிவேகத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆம் பிரிவில் காருக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. கேமரா பார்ப்பது நிஜ வேகத்தை. "மீட்டரில் குறைவாகத்தான் காட்டியது" என்பது அங்கே எடுபடாது.

பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா.வின் 39-ஆம் எண் விதிமுறைப்படி, மீட்டர் நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், அதுவும் நிஜ வேகத்தில் 10 சதவீதமும் அதற்கு மேல் 4 கி.மீ.யும் வரைதான். எனவே பெரும்பாலான கார்கள் கொஞ்சம் கூட்டியே காட்டும். பெரிய டயர் அந்தப் பாதுகாப்பு இடைவெளியைத் தின்றுவிடுகிறது. டயர் தேய்ந்தால் நேர்மாறாக மீட்டர் இன்னும் கூட்டிக் காட்டும், அதில் வேக ஆபத்து இல்லை.

நம் நாட்டில் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 95-ஆம் விதி டயர் அளவைப் பற்றியது, 117-ஆம் விதி ஸ்பீடோமீட்டரைப் பற்றியது. சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே என்கிறது 182ஏ பிரிவு. கடைகளில் சொல்லும் "3 சதவீதம் வரை பரவாயில்லை" என்பது தொழிலில் புழங்கும் கைக்கணக்குதான், அதைக் காட்டிச் சட்டத்திடம் தப்ப முடியாது.

அப்புறம் என்ன செய்யலாம்? ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் உங்கள் மாடலுக்கு எந்தெந்த அளவுகள் தரப்பட்டுள்ளன என்று பாருங்கள், அதற்குள்ளேயே தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே மாற்றிய வண்டியை வாங்கியிருந்தால், நேரான சாலையில் சீரான வேகத்தில் போய், பக்கத்தில் இருப்பவரை மொபைல் ஜி.பி.எஸ். வேகத்தோடு மீட்டரை ஒப்பிடச் சொல்லுங்கள். மீட்டர் குறைத்துக் காட்டினால், பழைய அளவுக்கே திரும்புவதுதான் சரி.