ஏழு எழுத்தில் நடக்கும் இழுபறி

"ஜீனில் பழுதே இல்லை. ஆனாலும் அது தர வேண்டிய புரதத்தைப் புற்றுநோய்க் கட்டியில் காணோமே, எப்படி?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். சிறுநீரகப் புற்றுநோயில் அதிகம் காணப்படும் கிளியர் செல் வகையை வைத்தே பதில் சொல்லலாம்.

டிஎன்ஏ, தூது ஆர்என்ஏ, புரதம் என்ற வரிசை பள்ளியில் படித்ததுதான். மைக்ரோ ஆர்என்ஏ இந்த வரிசையின் நடுவில் குறுக்கிடுகிறது. அதன் நீளம் சுமார் 22 எழுத்துகள் (ஏ, யூ, சி, ஜி என்று குறிக்கப்படும் வேதி அலகுகள்). புரதம் எதையும் அது உருவாக்காது. ஆர்கோனாட் என்ற புரதத்தின் மடியில் உட்கார்ந்துகொண்டு, தனக்குப் பொருந்தும் தூது ஆர்என்ஏவைத் தேடும். 22 எழுத்தும் பொருந்த வேண்டியதில்லை. இரண்டாவதிலிருந்து எட்டாவது வரை ஏழு எழுத்து பொருந்தினாலே பெரும்பாலும் போதும். பிடிபட்ட தூது ஆர்என்ஏ புரதமாக மாறாமல் சிதைந்துபோகும்.

மிர்-200சி என்ற மைக்ரோ ஆர்என்ஏவுக்கு அந்த ஏழு எழுத்துகள் ஏ-ஏ-யூ-ஏ-சி-யூ-ஜி. இவற்றோடு இணைசேரும் எழுத்துகள் ஜெப் என்ற புரதத்தின் தூது ஆர்என்ஏவில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்கின்றன. அதனால் மிர்-200சி அடங்கிய மிர்-200 குடும்பம் நிறைய இருக்கும் செல்லில் ஜெப் தலையெடுக்க முடியாது. ஜெப்பும் சும்மா இருப்பதில்லை. மிர்-200 ஜீனின் தொடக்கத்திலேயே போய் ஒட்டிக்கொண்டு அதைப் படிக்க விடாமல் மூடிவிடும். ஒன்றை ஒன்று அமுக்கும் இந்த இழுபறியில் யார் கை சற்று ஓங்கினாலும், அது மேலும் மேலும் ஓங்கிக்கொண்டே போகும். எனக்கு அலுக்காத இடம் இதுதான். ஓர் எழுத்துகூடக் கெடாமல், செல்லின் குணமே தலைகீழாகிவிடுகிறது!

கிளியர் செல் கட்டிகளில் மிர்-200சி, அதன் உறவான மிர்-141 இரண்டும் குறைந்தும், ஜெப் வகைகளில் ஒன்றான ஜெப்-2 கூடியும் இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பக்கத்துச் செல்லோடு ஒட்டவைக்கும் ஈ-கேடெரின் புரதத்தின் ஜீனை ஜெப் மூடிவிடுகிறது. பிடி தளர்ந்த செல் நகரத் தொடங்கும். வாசகி கேட்ட, பழுதில்லாத ஜீனின் காணாமல் போன புரதத்துக்கு இது நல்ல உதாரணம்.

இதற்கெல்லாம் அடித்தளம் போட்டது ஒரு மில்லிமீட்டர் புழு. அதன் வளர்ச்சி ஏன் தடம் மாறுகிறது என்று தேடிய விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ரவ்குனும் 1993-ல் முதல் மைக்ரோ ஆர்என்ஏவைப் பற்றி எழுதினார்கள். நோபல் பரிசு கிடைத்தது 2024-ல். 'புழுவை ஆராய்ந்து யாருக்கு என்ன லாபம்' என்று கேட்டு நிதியை வெட்டுபவர்கள்மீது எனக்குக் கோபம் உண்டு.

சரி, குறைந்துபோன மைக்ரோ ஆர்என்ஏவை மருந்தாகக் கொடுத்தால் என்ன? மிர்-34 என்ற வேறொன்றின் நகலைப் புற்றுநோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். நோயெதிர்ப்பு மண்டலம் கடுமையாகச் சீறியதால் 2016-ல் அந்தச் சோதனை நிறுத்தப்பட்டது. ஏழே எழுத்தை வைத்துத் தேடும் ஒன்று, ஒரே செல்லில் நூற்றுக்கணக்கான தூது ஆர்என்ஏக்களைப் பிடிக்கக்கூடியது. நாம் நினைத்த ஒன்றை மட்டும் பிடிக்கச் சொல்லி அதை அனுப்ப இன்னும் வழி கிடைக்கவில்லை.