ஃபியூஸ் இடத்தில் வெள்ளித்தாளும் ஒரு பல்பும்

பழைய அம்பாசிடர் காரின் ஃபியூஸ் பெட்டியைத் திறந்தால், கண்ணாடிக்குழாய் ஃபியூஸின் மேல் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுற்றப்பட்டிருப்பதையோ, வயரிலிருந்து உரித்தெடுத்த செம்பு இழைகள் முறுக்கிச் செருகப்பட்டிருப்பதையோ இன்றும் காணலாம். கடையே இல்லாத சாலையில், நள்ளிரவில், வண்டியை வீடு சேர்க்க அது உதவியிருக்கும். மறுநாள் அதை எடுக்காமல் விட்டதுதான் தவறு.

ஃபியூஸ் காப்பது பல்பையோ ஹார்னையோ அல்ல. அவற்றுக்குச் செல்லும் வயரை. மின்னோட்டம் இரட்டித்தால் வயரில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். 60 வாட் ஹெட்லைட்டுகள் இரண்டும் 12 வோல்ட்டில் சுமார் 10 ஆம்பியரே எடுக்கும். ஆனால் வயர் பாடியில் உரசி ஷார்ட் ஆகிவிட்டால், குறுக்கே தடையேதும் இல்லாததால் அதே பேட்டரி நூறு ஆம்பியருக்கு மேலும் தள்ளும். அப்போது முதலில் உருக வேண்டியது ஃபியூஸ் கம்பி. 0.2 மில்லிமீட்டர் செம்பு இழை ஒன்று ஏறத்தாழ 7 ஆம்பியரில் உருகும். நான்கை முறுக்கிச் செருகினால் அது 30 ஆம்பியரை நெருங்கும். செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும். வயரின் பிவிசி உறையோ 100 டிகிரியைத் தாண்டியதுமே இளகத் தொடங்கிவிடும். டேஷ்போர்டுக்குப் பின்னால் கட்டாகச் செல்லும் வயர்களில் ஒன்று இப்படிச் சூடேறினால், அதன் உறை மட்டுமன்றிப் பக்கத்து வயரின் உறையும் உருகும். அந்தப் பக்கத்து வயர் ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக வருவதாக இருந்தால், தீயைத் தடுக்க எதுவும் இல்லை.

அதே இடத்தில் செருகத்தக்க இன்னொரு கைவைத்தியம் உண்டு. அதை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஹோல்டருடன் கூடிய 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றின் இரு வயர்களையும் ஃபியூஸைக் கழற்றிய இடத்தின் இரு முனைகளில் இணைத்து, அந்த ஃபியூஸில் வரும் மற்ற சாதனங்களையெல்லாம் கழற்றிவிட வேண்டும். எங்கோ ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். எவ்வளவு மோசமான ஷார்ட்டாக இருந்தாலும் பல்பின் இழை 1.75 ஆம்பியருக்கு மேல் ஓடவிடாது என்பதால் வயர் சூடாகாது; பொறுமையாகத் தேடலாம். வயர்க் கட்டை அங்குலம் அங்குலமாக அசைத்துக்கொண்டே போகையில், எந்த இடத்தில் கைபட்டதும் பல்பு அணைகிறதோ அங்கேதான் கோளாறு. பெரும்பாலும் அது எஞ்சின் அறைத் தகட்டின் துளையாக இருக்கும்: ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்க, வயரின் உறை நகக்கண் அளவுக்குத் தேய்ந்து, உரசிய பக்கத்துச் செம்பு பளபளப்பாகவும் மறுபக்கம் பச்சைக் களிம்பு பூத்தும் தெரியும்.

அதை வெட்டி முறுக்கி டேப் சுற்றினால் போதாது. இளகிய இணைப்பில் கால் ஓம் தடை உண்டானாலே ஹெட்லைட்டுக்கு ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்து, வெளிச்சத்தில் கால் பங்குக்கு மேல் போய்விடும். அந்த ஒரே புள்ளியில் சுமார் 5 வாட் வெப்பமும் சேரும். களிம்பைச் சுரண்டி, சாலிடர் வைத்து, உறைக்குழாய் மாட்டி, புது ரப்பர் வளையம் பொருத்திய பின் பல்பு எரியாமலிருந்தால், அதைக் கழற்றிவிட்டு வண்டிக்குரிய அளவுள்ள ஃபியூஸைப் போடலாம்.