தட்டில் வைப்பதற்கு முன் கையில் கொடுங்கள்

"எதைக் கொடுத்தாலும் வேண்டாங்கிறான் மேடம், ஒரே அடம்." குழந்தைகளுக்கான உணவு ஆலோசகராக நான் அடிக்கடி கேட்கும் புகார் இது. பெரும்பாலும் அது அடம் இல்லை. புது உணவைக் கண்டு ஒதுங்குவது இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை தூக்கலாக இருக்கும், பிறகு மெல்லத் தணியும். நாக்கிலும் வித்தியாசம் உண்டு. டாஸ்2ஆர்38 என்ற மரபணு அமையும் விதத்தைப் பொறுத்து, பெற்றவர்களுக்குத் தெரியாத கசப்பு பிள்ளைக்குத் தெரியலாம்.

இது புரியாதபோதுதான் பேரம் தொடங்குகிறது: "கீரையைச் சாப்பிட்டா ஐஸ்கிரீம்." குழந்தைகளின் உணவு விருப்பங்களை ஆராய்ந்த உளவியலாளர் லீயன் பர்ச்சின் குழுவினர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், பரிசுக்காக ஒரு பானத்தைக் குடித்த குழந்தைகளுக்கு அதன்மேல் இருந்த விருப்பம் குறைந்துபோனது. லஞ்சம் கொடுத்து ஊட்ட வேண்டிய பண்டம் நல்லதாக இருக்காது என்று பிள்ளை கணக்குப் போடுகிறது. தப்பான கணக்கு என்று சொல்லவும் முடியாது!

ஒரு உணவு பழக எட்டு முதல் பதினைந்து முறைகூட ஆகலாம். அத்தனை முறையும் தட்டில் வைத்துப் போராட வேண்டியதில்லை. சமையலறையிலேயே அந்தப் பழக்கம் தொடங்கிவிடும். மூன்று வயதில் காய் கழுவலாம், கீரை ஆயலாம். ஐந்தாறு வயதில் மசிக்கலாம், கலக்கலாம். கத்தியும் அடுப்பும் பிள்ளையின் நிதானத்தைப் பார்த்து, பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். மகன்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒன்றே ஒன்று, "நீ செஞ்சதுதானே, சாப்பிடு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த நொடியில் சமையலறையும் இன்னொரு சாப்பாட்டு மேசையாகிவிடும். தொட்டு, முகர்ந்து, நறுக்கிவிட்டு ருசி பார்க்காமலே எழுந்து போனாலும் போகட்டும். அன்றைய பழக்கம் நடந்துவிட்டது.

"பிடிக்கல" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் கிளறிப் பாருங்கள். என்னிடம் வரும் பிள்ளைகளில் பலருக்கு ருசியைவிட பதம்தான் பிரச்சினை. கொழகொழ, வழவழ, நறநற, மொறுமொறு என்று சொற்களைக் கொடுத்தால் சட்டென்று பதில் வரும். காளான் கொழகொழன்னு இருக்கு என்கிறவளிடம் வாணலியைக் கொடுத்து, நீர் வற்றிப் பொன்னிறமாகும்வரை வதக்கச் சொல்லலாம். பச்சை வெங்காயத்தின் காரம் பிடிக்காதவன் அதையே நிதானமாக வதக்கினால் இனிப்பு தலைதூக்குவதைத் தானே கண்டுபிடிப்பான். ஒரு சிட்டிகை உப்பு கசப்பையும் அடக்கும். உணவைத் தன் விருப்பத்துக்கு மாற்ற முடியும் என்று தெரிந்த பிள்ளைக்கு அதன்மேல் இருக்கும் பயம் பாதியாகிவிடுகிறது. சமையலில் ஆசை பிறப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பதின்வயதில் தானாகவே புதுச் செய்முறை தேடுகிறவர்களில் சிலர், சிறு வயதில் எதையும் தொடாதவர்கள்.

சில எச்சரிக்கைகள். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு முழுக் கொட்டைகளும் முழுத் திராட்சையும் வேண்டாம், தொண்டையில் அடைக்கும். பச்சை முட்டை கலந்த மாவை ருசி பார்க்க விடாதீர்கள். புது உணவுக்குப் பிறகு உதடோ முகமோ வீங்கினால், மூச்சு திணறினால், உடனே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.

எல்லாமே 'வளர்ந்தா சரியாயிடும்' வகையும் அல்ல. எடை குறைகிறது, சாப்பிட்டுக்கொண்டிருந்த உணவுகளும் ஒவ்வொன்றாகக் கழிகின்றன, விழுங்கவே பயப்படுகிறாள், சாப்பாடு இருக்கும் என்பதாலேயே நண்பர்கள் வீட்டுக்குப் போக மறுக்கிறாள் என்றால் மருத்துவரைப் பாருங்கள். இப்படி உணவைத் தவிர்ப்பது 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் தனிக் கோளாறாகவே இடம்பெற்றிருக்கிறது. வரும்போது ஒரு வாரத்தில் பிள்ளை என்னென்ன சாப்பிட்டது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். சாப்பிடாதவற்றின் பட்டியல் எல்லோரிடமும் இருக்கிறது. சிகிச்சையைத் தொடங்க எங்களுக்கு வேண்டியது மற்றதுதான்.