மனு எழுதுவதற்கு முன்பு

குடும்ப நல நீதிமன்ற வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர் என்பதால், "இந்தக் காலத்தில் கல்யாணம் நிலைக்குமா மேடம்?" என்ற கேள்வியை நான் வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். பெண்ணின் சம்பளம், கைபேசி, தனிக்குடித்தனம் என்று காரணங்களையும் கேட்பவர்களே அடுக்கிவிடுகிறார்கள். நான் கையாண்ட வழக்குக் கட்டுகளில் பெரும்பாலானவை அதைவிட எளிய ஓரிடத்தில் தொடங்கியவை: இருவரும் தங்களுக்குள் பேசுவது நின்று, அவர்களுக்காக மற்றவர்கள் பேசத் தொடங்கிய இடம்.

மணமாகி ஒன்பது ஆண்டுகளான ஒரு தம்பதி, அண்ணன், மாமா சகிதம், "மியூச்சுவல் போட்டுவிடலாம்" என்று, அதாவது இருவரும் சம்மதித்து விவாகரத்து மனு போட, வந்தார்கள் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). உறவினர்களை வெளியே அமரச் சொல்லிவிட்டு, கடந்த மாதம் ஒருவருக்கொருவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை வாசிக்கச் சொன்னேன். "பால் ரெண்டு பாக்கெட்." "ஈபி பில் கட்டியாச்சா?" "இன்னிக்கு வேன் வராது, பாப்பாவ நீங்க கூட்டிட்டு வாங்க." ஏழெட்டு வரிகளுக்குமேல் கணவரால் வாசிக்க முடியவில்லை. "என் ஸ்கேன் ரிப்போர்ட் அனுப்பினதுக்கும் 'ஓகே'னுதான் போட்டீங்க" என்றார் அந்தப் பெண். கருப்பையில் கட்டி இருப்பதாகச் சொன்ன அறிக்கை அது. அதே வாரத்தில் கணவருக்கு வேலை பறிபோகும் நிலை இருந்ததும், அதை அவர் வீட்டில் மறைத்திருந்ததும் அன்றுதான் மனைவிக்குத் தெரிந்தது. அடுத்த மாதம் உறவினர்கள் இல்லாமல் இருவர் மட்டும் வந்தார்கள். மனு வேண்டாம் என்றார்கள்.

ஒரே கூரையின்கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழாவிட்டால் அது பிரிந்து வாழ்வதே என்று 1991-ல் சுரேஷ்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அந்த விளக்கத்துக்குள் வரும் வீடுகள் நம் தெருக்களிலும் இருக்கின்றன.

இந்து திருமணச் சட்டத்தில் 1976-ல் சேர்க்கப்பட்ட 13பி பிரிவு, பரஸ்பர சம்மத மனுவைத் தாக்கல் செய்தபின் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்கிறது. ஒன்றுசேர வழியே இல்லாத வழக்குகளில் அதைத் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. முடிந்துபோன உறவில் ஒருவரைக் கட்டிவைப்பது கொடுமை என்பதால் அதை வரவேற்கிறேன். ஆனால் முதல் சந்திப்பிலேயே, "அந்த ஆறு மாதத்தை எப்படித் தவிர்ப்பது?" என்று கேட்கும் இளம் தம்பதிகளைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் சமரசத்துக்கு முயலும் கடமையை நீதிமன்றத்துக்குத் தந்திருந்தாலும், அந்தக் கட்டத்துக்கு வருவதற்குள் ஒருவர்மீது ஒருவர் எழுதிய குற்றச்சாட்டுகள் தாளில் ஏறி, இரு வீட்டாரும் படித்து முடித்திருக்கிறார்கள். எனவே, மனுவுக்கு முன்பே ஒரு தேர்ந்த மனநல ஆலோசகரிடம் இருவரும் சேர்ந்து செல்லுங்கள்.

அடியும் மிரட்டலும் வரதட்சணைத் தொல்லையும் உள்ள வீட்டுக்கு இந்த அறிவுரை பொருந்தாது. அங்கே "அனுசரித்துப் போ" என்று பெண்ணைத் திருப்பி அனுப்பும் பெற்றோரிடம் நான் கடுமையாகவே பேசியிருக்கிறேன். குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்க 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைக்கலாம்.