கலாக்டிகோ: உடுத்திரள் வேறு, அணி வேறு

சென்னை வியாசர்பாடி முல்லை நகர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்து ஆட்டங்களில் 'ஆள் இறக்கியிருக்கிறார்கள்' என்ற பேச்சு அடிக்கடி எழும். சொந்தப் பையன்களை வெளியே உட்கார வைத்துவிட்டு, பணம் கொடுத்து அழைத்துவந்த பெரிய ஆட்டக்காரர்களைக் களத்தில் விடுவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கிளப் அதையே உலக அளவில் செய்தபோது பரவிய சொல், கலாக்டிகோ.

ஸ்பானிய மொழியில் இதற்கு 'விண்மீன் திரளைச் சேர்ந்த' என்று பொருள். வேர் கிரேக்கம். 'கலா' என்றால் பால். இரவு வானில் பால் சிந்தியதுபோல் தெரியும் வெண்பட்டையைக் கிரேக்கர் பால்வட்டம் என்றார்கள். நாம் பால்வீதி, பால்வழி என்கிறோம். பாலைக் குறித்த வேரிலிருந்து வந்த சொல், கடைசியில் கோடிகளில் விலைபோகும் ஆட்டக்காரரின் பட்டமாகிவிட்டது.

2000-இல் ஃப்ளோரெண்டினோ பெரெஸ் ரியல் மாட்ரிட்டின் தலைவரானார். ஆண்டுக்கு ஒரு விண்மீன் என்பது அவர் கணக்கு. அந்த ஆண்டே ஃபிகோ, 2001-இல் ஜிடான், 2002-இல் பிரேசிலின் ரொனால்டோ, 2003-இல் பெக்காம். பலன் இல்லாமல் இல்லை. 2001-இலும் 2003-இலும் ஸ்பானிய லீக் பட்டம் வந்தது. 2002-இல் கிளாஸ்கோவில் ஜிடான் இடக்காலால் அடித்த கோல், ஐரோப்பிய கிளப்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தந்தது.

பிறகு நடந்ததுதான் இந்தச் சொல்லின் உண்மையான வரலாறு. பெக்காம் வந்த அதே 2003-இல் கிளாட் மக்கெலேலே இங்கிலாந்தின் செல்சி கிளப்புக்குப் போனார். எதிரியின் பந்தைப் பறித்துப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிடுவது அவர் வேலை. சுவரொட்டியில் வராத வேலை. கூடுதல் சம்பளம் கேட்டார், கிளப் மறுத்தது. அடுத்த பருவத்தில் விண்மீன்கள் அத்தனை பேரும் இருந்தும் ரியல் மாட்ரிட் லீக்கின் கடைசி ஐந்து ஆட்டங்களையும் தோற்று நான்காம் இடத்தில் நின்றது. செல்சியோ 2004-05 பருவம் முழுவதிலும் 15 கோல்களை மட்டுமே விட்டுக்கொடுத்து இங்கிலாந்துப் பட்டத்தை வென்றது. அதுவும் பணக்கார கிளப்தான். ஆனால் அது பந்து பறிப்பவருக்கும் காசு கொடுத்தது.

பணத்தால் ஒன்றும் ஆகாது என்று நான் வாதிடவில்லை. பாரிஸ் சாங் ஜெர்மேன் கிளப் 2017-இல் நெய்மாருக்காக 22.2 கோடி யூரோ கொடுத்தது. எம்பாப்பே, மெஸ்ஸி என்று சேர்த்துக்கொண்டே போனது. உள்நாட்டுப் பட்டங்கள் குவிந்தன. சாம்பியன்ஸ் லீக் கோப்பை மட்டும் 2025-இல், மூவரும் வெளியேறிய பிறகே கைக்கு வந்தது.

நம் ஊர்ச் சான்று எனக்கு இன்னும் நெருக்கமானது. 2018-இல் சென்னையின் எஃப்.சி. இந்தியன் சூப்பர் லீக்கை வென்றபோது நடுக்களத்தில் நின்று பந்து பறித்தவர் வியாசர்பாடியைச் சேர்ந்த தனபால் கணேஷ். கோவாவுக்கு எதிரான அரையிறுதியில், நேரு ஸ்டேடியத்தில், அவர் ஒரு கோலும் அடித்தார். கோல் அடித்ததைத்தான் பலரும் நினைவு வைத்திருக்கிறார்கள். அவர் பறித்த பந்துகளை யாரும் எண்ணி வைக்கவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'நட்சத்திர வீரர்' போதாது. அது ஒரு தனி ஆளைக் குறிக்கும் பழகிய சொல். கலாக்டிகோவில் குவியல் என்ற பொருள் இருக்கிறது. 'மீன்திரள்' அழகான சொல், ஆனால் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் அதற்கு வேறு பொருள். விண்மீனுக்கு 'உடு' என்ற பழைய பெயர் உண்டு. நிலவை 'உடுபதி' என்பது அதனால்தான். ஆகவே என் தேர்வு 'உடுத்திரள்'. தனி ஆளை 'உடுத்திரள் வீரர்' எனலாம்.

உடுத்திரளை அணி என்று எழுதுவதுதான் எனக்கு ஒப்பாதது. அணி என்பதற்கு நகை என்றும் பொருள் உண்டு, ஒழுங்காக நிற்கும் படை வரிசை என்றும் பொருள் உண்டு. பெரெஸ் வாங்கியது முதல் பொருளில் அணி. களத்தில் வேண்டியது இரண்டாவது.

சென்ற கோடையில் எங்கள் பக்கத்து ஆட்டம் ஒன்றில் நான்கு பேரை இறக்கினார்கள். வழக்கமாக நடுக்களம் காக்கும் பையன், பூட்ஸ் கயிற்றைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டியபடி கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தான். இடைவேளைக்குள் மூன்று கோல் வாங்கிவிட்டார்கள். மூன்றும் அவன் நிற்கும் இடத்தின் வழியாகவே வந்தன.

'ஆள் இறக்குதல்' என்ற வினையை அப்படியே எழுத்துக்கும் கொண்டுவரலாம். '2003-இல் ரியல் மாட்ரிட் பெக்காமை இறக்கியது' என்று எழுதிப் பாருங்கள். முல்லை நகரில் யாருக்கும் அதை விளக்க வேண்டியிருக்காது.