அசுவினி பெருகுவதும் அடங்குவதும்

அவரைக் கொடியின் குருத்தில் நான்கைந்தாகத் தென்பட்ட அசுவினிப் பூச்சிகள், இரண்டு வாரங்களுக்குள் தண்டே தெரியாதபடி மொய்த்துவிடுவதை வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் பலரும் கண்டிருப்பார்கள். இந்த வேகம் அவற்றின் பிறப்பு முறையிலிருந்து வருகிறது. வளர்ச்சிப் பருவத்தில் காணப்படும் அசுவினிகள் பெரும்பாலும் பெண்களே. அவை ஆணின் துணையின்றி, முட்டையும் இடாமல், நேரடியாகக் குஞ்சுகளை ஈனுகின்றன. பிறக்கும் குஞ்சின் உடலுக்குள்ளேயே அதற்கடுத்த தலைமுறையின் கருவும் வளரத் தொடங்கியிருக்கும். தாய், மகள், பேத்தி ஆகிய மூவரும் ஓருடலுக்குள் அடங்கியிருப்பது உயிரியலின் பெரும் வியப்புகளில் ஒன்று என்பேன். பிறந்த குஞ்சு தானும் ஈனத் தொடங்குவதற்கு, வெப்பம் ஏற்றதாக இருந்தால், ஏறக்குறைய 7 முதல் 10 நாட்கள் போதும்.

ஊசி போன்ற வாயுறுப்பைச் செடியின் உணவுக் குழாய்க்குள் செலுத்தி அசுவினி சாற்றை உறிஞ்சுகிறது. அச்சாற்றில் சர்க்கரை மிகுதி, உடல் வளர்ச்சிக்கு வேண்டிய நைட்ரஜன் சத்தோ குறைவு. ஆகவே அது தேவைக்கு மேல் குடித்து, மிகுந்த சர்க்கரையைப் பிசுபிசுப்பான துளிகளாக வெளியேற்றுகிறது. அவற்றைத் தேடி வரும் எறும்புகள், அசுவினியைத் தின்ன வரும் பூச்சிகளைத் துரத்திவிடுகின்றன. எனவே தண்டில் ஏறும் எறும்பு வரிசையைத் தடுப்பதே முதல் வேலை. தழைச்சத்து உரத்தை அளவுக்கு மீறி இடுவதும் இளந்தளிரைப் பெருக்கி, சாற்றின் நைட்ரஜனைக் கூட்டி, அசுவினிக்கே விருந்தாக முடியும்.

பொறிவண்டை அடையாளம் காண்போர் பலரும் அதன் புழுவை அறிவதில்லை. கருமையான உடலில் ஆரஞ்சுப் புள்ளிகளுடன் சிறு முதலையைப் போலத் தோன்றும் அப்புழு, கூட்டுப்புழுவாவதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்றுவிடும். அதைத் தீய பூச்சியென எண்ணி நசுக்குவது வருத்தத்திற்குரியது. ஆனால் இரை பெருகிய பின்னரே பொறிவண்டு வந்து முட்டையிடும் என்பதால், இடையில் சில நாட்கள் அசுவினியின் கையே ஓங்கியிருக்கும். அந்த நாட்களில் பொறுமையிழந்து கடும் நஞ்சைத் தெளித்தால் இரண்டும் மடியும். விரைவாக ஈனும் அசுவினியோ முதலில் மீண்டுவிடும்.

மொய்ப்பு அதிகமானால் தண்ணீரைப் பீய்ச்சியடித்தே பெரும்பகுதியை உதிர்த்துவிடலாம். சோப்புக் கரைசலிலுள்ள கொழுப்பு அமில உப்புகள் மென்னுடல் பூச்சிகளின் மேல்பூச்சையும் உயிரணுச் சவ்வுகளையும் சிதைக்கின்றன. உடலில் நேரடியாகப் பட்டால்தான் பலனுண்டு, காய்ந்தபின் வேலை செய்யாது. வேம்பின் செயல்பாடு வேறு. அதன் விதையிலிருந்து 1968இல் பிரித்தெடுக்கப்பட்ட அசாடிராக்டின், பூச்சியின் உண்ணும் நாட்டத்தைக் குறைப்பதுடன், தோலுரிப்பைத் தூண்டும் ஹார்மோனின் ஒழுங்கையும் குலைக்கிறது. தோலுரிக்க இயலாத குஞ்சு முதிர்வதில்லை. ஆகையால் தெளித்த மறுநாளே பூச்சிகள் மடியவில்லையென்று அளவைக் கூட்டுவது தவறு. வெயிலில் அது விரைவில் சிதைவதால், மாலையில் இலையின் அடிப்புறம் நனையும்படி தெளிக்க வேண்டும்.

தெளிக்கும் முன் இலைகளைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. பழுப்பு நிறத்தில் உப்பி, அசையாமல் ஒட்டியிருக்கும் அசுவினிகள் தென்பட்டால், அவற்றுக்குள் மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி வளர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். முதுகில் வட்டமான துளையிருந்தால் குளவி ஏற்கெனவே வெளியேறி, அடுத்த அசுவினியைத் தேடத் தொடங்கியிருக்கும். அத்தகைய இலைகளில் எதையும் தெளிக்காமல், பறிக்காமல் விட்டுவிட வேண்டும்.