வைஸ்: திராட்சைக் கொடியில் பிறந்த சொல்

வைஸ் என்றால் என்ன என்று பட்டறைக்காரரிடம் கேட்டால் சிரிப்பார். மேசை விளிம்பில் போல்ட் போட்டு இறுக்கிய வார்ப்பிரும்புக் கருவி அது. நகராத தாடை ஒன்று, நகரும் தாடை ஒன்று, அதை நகர்த்த ஒரு திருகு, திருகைச் சுழற்ற ஒரு கைப்பிடி. அறுக்கவோ அராவவோ வளைக்கவோ வேண்டிய பொருளை இரண்டு தாடைக்கும் நடுவில் வைத்து இறுக்கிவிட்டால் வேலை செய்கிறவருக்கு இரண்டு கையும் மிச்சம். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் சேர்கிற பையன் அரத்தைக் கையில் எடுக்கிற நாளிலேயே இந்தச் சொல்லையும் கற்றுக்கொள்கிறான். பெஞ்ச் வைஸ், பைப் வைஸ், ஹேண்ட் வைஸ், லெக் வைஸ் என்று குடும்பம் பெரியது.

அந்தப் பையனுக்கு வைஸ் சான்சலர், வைஸ் கேப்டன் எல்லாம் ஏற்கெனவே தெரியும். இதற்கும் அதற்கும் என்ன உறவு? ஒன்றும் இல்லை. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலோடு மூன்று தனிச் சொற்கள் உலவுகின்றன: தீய பழக்கம், துணைப் பதவி, இந்தக் கருவி. மூன்றுமே லத்தீனிலிருந்து வந்தவைதான், ஆனால் வேர்கள் வேறு. முதலாவது குற்றம், குறை என்ற பொருளிலிருந்து வந்தது. இரண்டாவது ‘ஒருவருக்குப் பதிலாக’ என்ற பொருளிலிருந்து. அமெரிக்கர்கள் கருவிக்கு மட்டும் நடுவில் ‘எஸ்’ போட்டு எழுதிக் குழப்பத்தைத் தீர்த்துக்கொண்டார்கள். நாம் பிரிட்டிஷார் வழியில் வாங்கியதால் அவர்கள் எழுத்துக்கூட்டலே நம் ஊர்ப் பாடப்புத்தகங்களிலும் தங்கிவிட்டது. தமிழ் எழுத்தில் எப்படியும் எல்லாம் வைஸ்தான்.

கருவியின் பெயருக்கு வேர், லத்தீனில் திராட்சைக் கொடியைக் குறிக்கும் ‘வீட்டிஸ்’. கொடி பந்தலைப் பிடித்து ஏற நீட்டும் பற்றுக்கம்பி சுருள் சுருளாக முறுக்கிக்கொள்ளும் அல்லவா, அந்த வடிவம்தான் காரணம். பழைய பிரெஞ்சில் அது ‘வீஸ்’ ஆகித் திருகைக் குறித்தது. ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் முதலில் திருகையும் சுழல் படிக்கட்டையும்தான் சுட்டியது. தாடையுள்ள கருவிக்கு அது பெயரானது 1500ஐ ஒட்டிய காலத்தில். திராட்சை ரசம் பிழிய ரோமானியர் திருகு வைத்த செக்கைப் பயன்படுத்தியதால் இந்தப் பெயர் வந்திருக்குமோ என்று தோன்றலாம். அப்படி இல்லை, சுருளின் உருவத்தால் வந்த பெயர்தான். வேடிக்கை என்னவென்றால், இன்றைய பிரெஞ்சில் ‘வீஸ்’ என்றால் இன்னும் திருகுதான். கருவிக்கு அவர்கள் வைத்திருப்பது வேறு சொல்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பழைய வைஸ்களைத் தேடி வாங்குகிறவர்கள் அவற்றை ‘விண்டேஜ் வைஸ்’ என்பார்கள். விண்டேஜ் என்பது லத்தீனில் ஒயினுக்கும் பறித்தெடுப்பதற்கும் உள்ள சொற்கள் சேர்ந்து உண்டானது. பொருள் திராட்சை அறுவடை. பிறகு ஒரு குறிப்பிட்ட ஆண்டின் ஒயின், அப்புறம் நல்ல ஆண்டின் பழைய ஒயின், கடைசியில் பழையதும் தரமானதுமான எதுவும் என்று பொருள் நகர்ந்துகொண்டே வந்தது. ஆக, துருப்பிடித்த நாற்பது கிலோ இரும்பைச் சுட்டும் இரண்டு சொல்லுமே திராட்சைத் தோட்டத்தில் பிறந்தவை.

சொல்லின் வேர் திருகு என்பதை நினைவில் வைத்துக்கொள்வது பழைய வைஸ் வாங்குகிறவருக்கும் நல்லது. பெயிண்டும் பிராண்டும் கண்ணைக் கவரும். ஆனால் உயிர் இருப்பது திருகிலும் அது ஓடும் நட்டிலும்தான். கொல்லர்கள் வைத்திருந்த லெக் வைஸில் இது கண்கூடு. அதன் ஒரு கால் தரை வரை இறங்கி நிற்கும், சம்மட்டி அடியின் வேகம் மேசையில் ஏறாமல் தரைக்குப் போய்விடும். உடல் வார்ப்பு அல்ல, அடித்துச் செய்த இரும்பு. அதில் திருகு ஓடும் குழலுக்குள் மரை வெட்டுவது அந்தக் காலத்தில் பெரிய பாடு. அதனால் சதுரக் கம்பி ஒன்றைத் திருகின் பள்ளத்தை ஒட்டிச் சுருட்டி, குழலுக்குள் செருகி, பித்தளையால் பற்றவைத்துவிடுவார்கள். கொடியின் சுருள் அப்படியே இரும்பில்! 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பீட்டர் ரைட் பெயரில் வந்த லெக் வைஸ்களில் ‘சாலிட் பாக்ஸ்’ என்று முத்திரை இருப்பதற்குக் காரணம், குழலும் மரையும் ஒரே இரும்பில், ஒட்டுவேலை இல்லாமல் செய்யப்பட்டவை என்று சொல்லிக்கொள்ளத்தான். ஒட்டிய சுருள் பிய்ந்துபோன வைஸ்கள் இன்றும் சந்தைக்கு வருகின்றன. வெளியே எந்தக் குறையும் தெரியாது. இறுக்கும்போதுதான் வழுக்கும்.

சேகரிப்பவர்கள் அதிகம் இருப்பது அமெரிக்காவில். காரணம், 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து அங்கே ஒவ்வொரு தொழில் நகரத்துக்கும் ஒரு வைஸ் கம்பெனி இருந்தது போலத்தான்: கனெக்டிகட்டின் மெரிடனில் சார்லஸ் பார்க்கர், பென்சில்வேனியாவின் ஈரியில் ரீட், நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் பிரெண்டிஸ், கிளீவ்லாந்தில் கொலம்பியன். மாசசூசெட்ஸின் ஏதால் ஊர்க் கதை தனிச் சுவை. ஏதால் மெஷின் கம்பெனியிலிருந்து வெளியே போன ஸ்டாரெட் 1880இல் தன் பெயரில் கம்பெனி தொடங்கி, 1905இல் அந்தப் பழைய கம்பெனியையே விலைக்கு வாங்கிவிட்டார். மர அச்சு செய்கிறவர்களுக்காக எம்மர்ட் செய்த வைஸ் (காப்புரிமை 1891) சுழலும், சாயும், கோணலான பொருளையும் பிடிக்கும். மரவேலைக்காரர்கள் அதைக் கண்டால் விடுவதில்லை.

எல்லாரும் துரத்துவது மட்டும் வில்டன். செக் நாட்டிலிருந்து வந்த ஹியூ வோகல் 1941இல் சிகாகோவில் தொடங்கியது. அதன் திருகும் நட்டும் உருளையான உடலுக்குள் மூடிக்கிடக்கும், பின்பக்கம் குண்டு போல உருண்டிருக்கும். அதனால் ‘புல்லட்’ என்று பெயர். மூடியிருப்பதால் தூசும் அரப்பொடியும் மரைக்குள் போகாது. அடியில் சறுக்கும் பகுதியில் மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். அதைப் பார்த்துச் செய்த தேதி என்று பலர் விற்பார்கள். தொடக்க காலத்து வைஸ்களில் அது ஐந்தாண்டு உத்தரவாதம் முடியும் தேதி, ஆகவே ஐந்தைக் கழித்தால்தான் பிறந்த ஆண்டு வரும். பிரிட்டிஷ் பக்கம் போனால் ஷெஃபீல்டின் ரெக்கார்டும், யார்க்ஷயரின் ஷிப்லியில் பார்க்கின்சன் செய்த, விசையைத் தட்டினால் தாடை சர்ரென்று நகரும் வைஸும் முன்னணியில் நிற்கும்.

வாங்கப் போகும்போது கைப்பிடியை முதலில் பாருங்கள். வளைந்திருந்தால் யாரோ அதில் நீளமான பைப்பை மாட்டி மல்லுக்கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அந்த அதிக விசை எங்கே போய்ச் சேர்ந்தது என்று தேட வேண்டும்: நகரும் தாடையின் கழுத்து, நட்டைத் தாங்கும் இடம், அடித்தட்டின் போல்ட் காதுகள். புதிதாகப் பளபளவென்று பெயிண்ட் அடித்த பழைய வைஸ் எனக்குச் சந்தேகத்தையே தரும். பெயிண்டுக்கு அடியில் பித்தளை நிறக் கோடு ஓடினால் உடைந்து ஒட்டியது. சுத்தியால் மெல்லத் தட்டினால் முழு வார்ப்பு மணி போல ஒலிக்கும், விரிசல் உள்ளது மந்தமாகச் சத்தம் போடும்.

அப்புறம் திருகு. தாடையை முழுக்க வெளியே இழுத்துவிட்டு மரையைப் பாருங்கள். பெரும்பாலான வேலை தாடை சற்றே திறந்திருக்கும்போது நடப்பதால் மரை தேய்வதும் ஒரே பகுதியில்தான். அதிகம் பயன்படாத பகுதியின் மரையோடு ஒப்பிட்டால் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். விளிம்பு கத்தி போலக் கூராகியிருந்தால் விட்டுவிட்டு வரலாம், அல்லது லேத்தில் புதுத் திருகும் நட்டும் செய்யும் செலவையும் விலையில் கழிக்கலாம். தாடைத் தகடு தேய்ந்திருப்பது ஒரு குறையே இல்லை, அது மாற்றுவதற்கென்றே இருக்கிறது. தாடைகள் மூடும்போது கீழ்ப்பக்கம் முதலில் தொட்டால் பரவாயில்லை, இறுக்கும்போது கீழே கொஞ்சம் விரிந்து சமமாகிவிடும் என்று விற்பவர் சொல்லலாம். உண்மை நேர்மாறானது. இறுக்கும்போது விரிவது மேல்பக்கம்தான்; திருகு கீழேயிருந்து இழுக்கிறது.

பழுதுபார்ப்பதில் அவசரம்தான் பெரிய எதிரி. இறுகிப்போன வைஸை அடித்துத் திறக்கக் கூடாது. துருவில் இறங்கும் எண்ணெயை ஊற்றிவிட்டு நாள்கணக்கில் விட வேண்டும், தேவைப்பட்டால் இதமாகச் சூடாக்கலாம். தாடைத் தகட்டின் திருகாணி வரவில்லையென்றால் சில மாடல்களில் அது திருகாணியே அல்ல, பின்னாலிருந்து தட்டி எடுக்க வேண்டிய சாய்வான முளை. துரு நீக்கச் சிக்கனமான வழி மின்பகுப்பு: பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த தண்ணீர், பேட்டரி சார்ஜரின் எதிர்முனை வைஸில், நேர்முனை ஒரு பழைய இரும்புத் தகட்டில். அந்தத் தகடு எவர்சில்வராக மட்டும் இருக்கக் கூடாது, தண்ணீரில் நச்சுக் குரோமியம் கலந்துவிடும். ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் மூடிய அறையிலும் செய்யக் கூடாது. உடைந்த வார்ப்பை வெல்டிங் கடைக்குத் தூக்கிப் போகும் முன் யோசிக்க வேண்டும். வார்ப்பிரும்பில் இரண்டு விழுக்காட்டுக்கு மேல் கரி இருப்பதால், சாதாரண எஃகு போலப் பற்றவைத்துச் சட்டென்று ஆறவிட்டால் பற்றின் பக்கத்திலேயே மறுபடி விரியும். முழு வைஸையும் முன்கூட்டிச் சூடாக்கி மெல்ல ஆறவிடுவார்கள், அல்லது வெண்கலக் கம்பியால் பற்றவைப்பார்கள்.

சரி, தமிழில் இதை எப்படிச் சொல்வது? இடுக்கி என்கிறார்கள் சிலர். அடுப்பங்கரையிலும் உலைக்களத்திலும் கையால் பிடிக்கிற கருவிக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது. குறடு, பற்றுக்குறடு என்றால் கட்டிங் பிளேயர்தான் கண்ணில் வரும். சாமணம் பொற்கொல்லரின் சின்னச் சாமான். கவ்வி நல்ல சொல், ஆனால் கிளாம்ப் வகை எல்லாவற்றுக்கும் அது வேண்டியிருக்கிறது. எனக்குப் பிடித்தது பிடிச்சிராவி. இலங்கையில் தமிழில் தொழில்நுட்பம் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பிரித்துப் பார்த்தால் பிடித்து, இராவி. இராவுதல் என்பது அராவுதல்தான், நம் பட்டறைகளில் ‘நல்லா ராவி எடு’ என்பார்களே, அதே ராவுதல். லத்தீன்காரர் கருவியின் சுருளைப் பார்த்துப் பெயர் வைத்தார், நம் ஆள் அதில் நடக்கிற வேலையைப் பார்த்து வைத்திருக்கிறார்.

பேச்சில் வைஸ் போகாது, போக வேண்டிய அவசியமும் இல்லை. எழுத்தில் மேசைப் பிடிச்சிராவி, கால் பிடிச்சிராவி, குழாய்ப் பிடிச்சிராவி, கைப் பிடிச்சிராவி என்று அடைமொழி சேர்த்துக்கொண்டால் வகைகள் தெளிவாகப் பிரியும். உறுப்புகளுக்குச் சொல் தேட வேண்டியதே இல்லை: தாடை, திருகு, மரை, கைப்பிடி எல்லாம் பட்டறையிலேயே புழங்குகின்றன. பின்புறம் தட்டையாக, அடித்து நிமிர்த்த விட்டிருக்கும் இடத்தைப் பட்டடை எனலாம், கொல்லன் அடிக்கும் இரும்புக்கு உள்ள பழைய பெயர் அது. விண்டேஜுக்குத் தொன்மையான, பழங்கால என்றெல்லாம் போட்டால் கோயில் தூண் போல ஒலிக்கும். ‘அந்தக் காலத்து வைஸ்’ என்றால் பழைய இரும்புக்கடைக்காரருக்கும் புரியும். விலையைக் கொஞ்சம் ஏற்றியும் சொல்வார்.